மண்டபம் வரை போய் வந்தோம்

இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஓர் ஆடி மாதத்தில் நடந்தது இது. எங்கள் ஊர் புதுச்சத்திரத்திலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி இருக்கிறது. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் சோளமும் கடலையும் உண்டு, பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. அப்படிப் பெய்யாத ஒரு வருஷத்தில்தான் என் அக்காவின் வீட்டுக்காரர் ஆள் சேர்க்க வந்த ஒரு கங்காணியோடு கண்டிக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனார். இலங்கை என்று அப்போது எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை, எல்லாம் கண்டிதான்.

அவர் போகும்போது அக்கா மாசமாக இருந்தாள். பிறந்த பெண்ணுக்கு ஆறு வயதாகியும் அப்பன் முகம் தெரியாது. அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டதால், அக்காவும் குழந்தையும் என்னோடுதான் இருந்தார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. வயதில் அவள் மூத்தவள் என்றாலும் வீட்டுக்கு ஆண்பிள்ளை நான்தான். அந்த நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்த வருஷம் மச்சானிடமிருந்து கடிதம் வந்தது. தோட்டத்தில் தனி அறை கொடுத்துவிட்டார்களாம். மனைவியையும் பிள்ளையையும் அனுப்பலாம் என்று தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்றும் கூட இருந்தது. அந்தச் சீட்டைக் காட்டினால் மண்டபம் முகாமில் விடுவார்கள், அங்கே ஒரு வாரம் வைத்திருந்து நோய் நொடி இல்லை என்று பார்த்துக் கப்பல் ஏற்றுவார்கள், அம்மை குத்திய தழும்பு கட்டாயம் இருக்க வேண்டும் என்று விவரம் எழுதியிருந்தார்.

அக்கா மறுநாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாமக்கல்லுக்கு நடந்து போய், இரண்டு பேருக்கும் அம்மை குத்திக்கொண்டு வந்துவிட்டாள். மாரியாத்தா நோம்பி வருகிற நேரத்தில் யாராவது அம்மை குத்திக்கொள்வார்களா என்று ஊரில் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. தழும்பு நன்றாக விழ வேண்டுமே என்று தினமும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சானைக் கூட்டிப்போன அதே கங்காணி அப்போது லீவில் வந்திருந்தார். திரும்பிப் போகும்போது பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிப்போவதாக இருந்தார். நோம்பிக்குக் காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் காலையில் வீட்டுக்கு வந்தார்.

"ஏனுங்க தம்பி, நாளான்னைக்குக் கெளம்பறோம். அக்காளையும் புள்ளையையும் இன்னைக்கே எங்கூருக்கு அனுப்பிச்சுடுங்க. காப்புக் கட்டீட்டா நீங்க அனுப்ப மாட்டீங்க" என்றார்.

அவர் சொன்னது சரிதான். எங்கள் ஊரில் காப்புக் கட்டிவிட்டால் நோம்பி முடியும்வரை ஊர்க்காரர் யாரும் எல்லைக்கு வெளியே இராத்தங்கக் கூடாது. போக வேண்டியவர்கள் முன்னாலேயே எல்லை தாண்டிவிட வேண்டும். தாண்டினவர்களை யாரும் குற்றம் சொல்வதில்லை.

ஆனால் அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு முறை. கோயிலுக்கு முதல் மாவிளக்கு எங்கள் வீட்டிலிருந்து போக வேண்டும். நான் பூவோடு எடுப்பதாக, அதாவது தீச்சட்டி ஏந்துவதாக, வேண்டியும் இருந்தேன். மாவிளக்குத் தட்டை வீட்டுப் பெண்தான் தலையில் வைத்து நடக்க வேண்டும். எங்கள் வீட்டில் அக்காவை விட்டால் வேறு பெண் கிடையாது. அவள் போய்விட்டால் முறை பங்காளி வீட்டுக்குப் போகும். அந்தப் பங்காளிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவன் வீட்டுத் தட்டு முன்னால் போக, நான் பின்னால் சட்டியைத் தூக்கிக்கொண்டு போவதா? எனக்கு அது பொறுக்கவில்லை.

"பதினஞ்சு நாள்தானுங்களே. நோம்பி முடிஞ்சதும் நானே மண்டபத்துல கொண்டுபோய் உட்டுட்டு வாரேன்" என்றேன்.

"என்னமோ சட்டம் வரப்போவுதுன்னு பேசிக்கறாங்க தம்பி" என்று கங்காணி தயங்கினார்.

"ஆறு வருசமா வராத சட்டம் பதினஞ்சு நாள்ல வந்துருமாக்கும்" என்று நான் சிரித்தேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டதாக எனக்கு நினைப்பு. அக்கா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மூட்டை கட்டித் தயாராக இருந்தது. கங்காணி போன பிறகு அவள் மூட்டையைப் பிரித்துச் சேலைகளை மறுபடி கொடியில் போட்டாள்.

நோம்பி அமர்க்களமாக நடந்தது. முதல் தட்டு எங்கள் வீட்டுத் தட்டு. மாமன் மச்சான் எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். பங்காளி முகத்தில் ஈ ஆடவில்லை. அதற்காகத்தான் அத்தனையும் செய்தேன் என்று இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். மாரியாத்தா மேல் பழி போட எனக்கு வாய் வரவில்லை, அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

காப்பு அவிழ்த்த மறுநாள் கிளம்பினோம். புதுச்சத்திரத்தில் பஸ் ஏறிச் சேலம் போய், ரயிலில் ஈரோட்டிலும் திருச்சியிலும் மாறி, மண்டபம் போய்ச் சேர்வதற்குள் உடம்பெல்லாம் கரி. குழந்தை முதல்முதலாகக் கடலைப் பார்த்துவிட்டு, "அப்பா அந்தக் கரையில நிக்கறாரா மாமா?" என்று கேட்டது. "நின்னுட்டே இருப்பாரு" என்றேன். அக்கா தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, கொண்டையைச் சரிசெய்துகொண்டாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் முகத்தில் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

முகாம் வாசலில் மேஜை போட்டு ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். சீட்டை வாங்கிப் பார்த்தார். இரண்டு பேருடைய கைத் தழும்பையும் பார்த்தார். "புருஷன் பேர் என்னம்மா?" என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு என்னைப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் புருஷன் பேரைப் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அவருக்கு ஆயுசு குறைந்துவிடுமாம். நான்தான் சொன்னேன். குமாஸ்தாவுக்கு இதெல்லாம் பழக்கம்போல, சிரித்துக்கொண்டார்.

பிறகு சீட்டை மடித்து என்னிடமே நீட்டினார்.

"இந்த மாசம் பொறந்ததிலிருந்து புது உத்தரவுய்யா. கூலி வேலைக்கு இனிமே இங்கிருந்து யாரையும் அனுப்பக் கூடாது. பெண்டாட்டி பிள்ளைங்க போகலாம், ஆனா இந்தச் சீட்டு செல்லாது. இவதான் என் பெண்டாட்டின்னு புருஷன்காரர் அங்க எழுதிக் கொடுக்கணும். உங்க ஊர் மணியக்காரர் இங்க எழுதிக் கொடுக்கணும். ரெண்டும் ஒத்துப்போனா அனுமதி வரும். போன மாசக் கடைசிக்குள்ள வந்திருந்தா இதுவே போதும். உள்ள அனுப்பியிருப்பேன்."

போன மாசக் கடைசியில் நான் தீச்சட்டியோடு ஆடிக்கொண்டிருந்தேன்.

குமாஸ்தாவிடம் கெஞ்சினேன், சத்தம் போட்டேன், காலில் விழாத குறை. அவர் என்ன செய்வார் பாவம். எங்களுக்குப் பின்னால் எங்களைப் போலவே சீட்டும் கையுமாக இன்னும் பத்துப் பேர் நின்றார்கள்.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, எங்கள் பேச்சைக் கேட்டு ஒருவர் பக்கத்தில் வந்தார். நாற்பது வயது இருக்கும். ராசிபுரத்துக்குக் கிழக்கே ஒரு கிராமமாம். பல வருஷமாகக் கண்டித் தோட்டத்தில் இருப்பவர், லீவில் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறார். அவர் போவதற்குத் தடை இல்லை. அவருடைய காகிதத்தில் அவரும், மனைவியும், ஒரு பெண் குழந்தையும் என்று மூன்று பேர் இருந்தது. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடப்பதால் மனைவியையும் மகளையும் ஊரிலேயே விட்டுவிட்டு அவர் மட்டும் வந்திருந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. உங்க மச்சான் இருக்கற தோட்டத்துக்கும் எங்க தோட்டத்துக்கும் நடுவுல ஒரு மலைதானுங்க. இவங்க ரெண்டு பேரையும் எங்காயிதத்துல கூட்டிட்டுப் போயி, அவுரு கையில ஒப்படைச்சுட்டு மறுவேலை பாக்கறேன். கேட்டாங்கன்னா எம்பேரைச் சொல்லோணும், அவ்வளவுதான். அஞ்சு நிமிசப் பொய்யி" என்றார்.

எதுவும் எதிர்பார்த்து அவர் சொல்லவில்லை. அந்த முகத்தை இப்போது நினைத்துப் பார்த்தாலும் அதில் கள்ளம் தெரியவில்லை. அன்றைக்கு அதைப் பார்க்க எனக்குக் கண் இல்லை. என் அக்கா இன்னொருவன் பெண்டாட்டி என்று சொல்லிக்கொண்டு ஒரு வாரம் அந்த முகாமில் இருப்பதா? ஊரில் தெரிந்தால் என்ன ஆகும்? பங்காளி என்ன சொல்வான்? மறுபடி அந்தப் பங்காளி! நூற்றைம்பது மைலுக்கு இந்தப் பக்கம் வந்தும் அவன் என் தலைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

"உன்ற பொண்டாட்டியை இப்படி ஒருத்தன்கூட அனுப்புவியா நீ?" என்று எழுந்து கத்தினேன். வயதில் பெரியவர், உதவ வந்தவர், அவரை 'நீ' என்றேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. காகிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். குமாஸ்தா அவரை ஏதோ கேட்டதும், அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போனதும் எங்களுக்குத் தெரிந்தது. அவர் பின்னால் இரண்டு பேருக்கு இடம் காலியாகப் போயிற்று.

அக்கா அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவள் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகப் பெருமையோடுதான் திரும்பினேன்.

ஊருக்கு வந்ததும் மணியக்காரரிடம் சான்று வாங்கி, ராசிபுரம் தாலுகா ஆபீசுக்கு எத்தனையோ நடை நடந்தேன். எங்கள் பக்கத்துக் காகிதம் சரியாகிவிட்டது. மச்சான் எழுதிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டோம். போர் வந்துவிட்டதால் தபால் தாமதம் என்று முதலில் நினைத்தோம். பிறகு அக்காவே நினைப்பதை நிறுத்திவிட்டாள்.

மூன்று வருஷம் கழித்து ஊர் திரும்பிய ஒருவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. கங்காணி ஆட்களோடு போய் இறங்கிய அன்று மச்சான் ஸ்டேஷனில் வந்து நின்றாராம். "பொண்ணு ஊட்டுல அனுப்ப மாட்டேன்னுட்டாங்க" என்று கங்காணி சொன்னாராம். பதினைந்து நாள் என்பதை விட்டுவிட்டாரே தவிர, அவர் சொன்னதில் பொய் ஏது? அதோடு அக்காவுக்கு வர இஷ்டமில்லை என்று மச்சான் முடிவு கட்டிக்கொண்டார், பிறகு போன எங்கள் கடிதங்களை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையாம். அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு, ஒரு பையனும் பிறந்துவிட்டதாம். இவள்தான் என் மனைவி என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அவர் யாரை எழுதுவார்?

அக்கா தாலியைக் கழற்றவில்லை. குங்குமம் வைப்பதையும் விடவில்லை. வேலை செய்தாள், பெண்ணை வளர்த்தாள், எனக்குக் கல்யாணம் செய்து வைத்தாள். மண்டபத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று நான் என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பத்திரிகைக்கு விவரம் எழுத நாமக்கல்லிலிருந்து அச்சாபீஸ்காரர் வந்திருந்தார். "பொண்ணோட அப்பா பேருங்க?" என்றார். அக்கா பழையபடி தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு போன பிறகு, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்.

"அன்னைக்கு மண்டபத்துல ஒருத்தர் வந்தாரே தம்பி. அவுரு பேரைச் சொல்லச் சொன்னாரு. அது எம்புருசன் பேரு இல்லீல்ல? அதைச் சொல்றதுக்கு எனக்கென்ன தடை? நூறு தடவை சொல்லியிருப்பேன். நீ அவரைப் பாத்துத்தான் கத்துன. என்னைக் கேக்கவே இல்லியே சாமி."

குரலில் கோபம் இல்லை. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

இன்று யாரைக் கேட்டாலும் அந்த உத்தரவைத்தான் திட்டுவார்கள், நானும் வெகுகாலம் அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். உத்தரவு என் அக்காவை ஒரு தடவைதான் தடுத்தது, நான் இரண்டு தடவை தடுத்தேன். அவள் இன்றைக்கும் எனக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் சாப்பிடுகிறாள், அன்றைக்கு அந்த மரத்தடியில் திரும்பி அவள் முகத்தை ஒரு தரம் பார்த்து, "நீ என்ன சொல்ற அக்கா?" என்று நான் கேட்டிருந்தால், அந்தச் சோற்றை அவள் ஆறு வருஷம் காத்திருந்த மனுஷனுக்குப் போட்டிருப்பாள்.