இல்லாத ஜன்னலில் ஒரு ரயில்

எங்கள் அகராதி அலுவலகத்தில் அவருக்கு ‘உதாரணம்’ என்று பெயர். ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் எழுதுவது பெரிய படிப்பாளிகளின் வேலை. பொருளுக்குக் கீழே, ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக வரும் மாதிரி வாக்கியங்களை எழுதுவது அவர். தட்டச்சு செய்வது நான். இருபது வருஷமாக அடுத்தடுத்த மேசை. எனக்கு அவர் அண்ணன், அவர் மனைவி அண்ணி.

அண்ணனிடம் ஒரு பிடிவாதம் உண்டு, நடக்காததை எழுதமாட்டார். ‘பூனை பாயில் தூங்கியது’ என்று எழுத, எங்காவது ஒரு பூனை பாயில் தூங்கியதை அவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். “அகராதி பொய் சொல்லலாமாம்மா?” என்பார். வேலை ஆமையாக நகரும், எனக்கு எரிச்சலாக வரும். அடித்த தாள் அண்ணியிடம் போகும். அவர்தான் எங்கள் பிழை திருத்துபவர், வீட்டிலிருந்தே பார்ப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர்.

சென்ற மழைக்காலத்தில் ‘புட் ஆஃப்’ வந்தது. பார்த்தால் இரண்டே குட்டிச் சொல், வயிற்றுக்குள் நான்கு பொருள். ஒரு காரியத்தை ஒத்திப்போடுவது. சாக்குப்போக்குச் சொல்லி ஆளைத் தட்டிக்கழிப்பது. ஒன்றின்மேல் இருக்கும் ஆசையைக் கெடுப்பது. பழைய வழக்கில், விளக்கை அணைப்பது. பின்னால் இருந்த மூன்றுக்கும் அன்றைக்கே ஆள் கிடைத்தார்கள். நாற்காலி கேட்டுப் போன என்னை மேலாளர் தட்டிக்கழித்தார், கேன்டீன் மீன் வாடை என் பசியைக் கெடுத்தது, மாலையில் காவலாளி விளக்கை அணைத்தார். முதல் பொருளுக்குத்தான் அண்ணனின் பேனா நகரவில்லை.

“ஏன் அண்ணா, உங்ககிட்ட இல்லாத சரக்கா?” என்று சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் எழுதிக் கொடுத்தார்: ‘சமையலறை ஜன்னலை அடுத்த வருஷத்துக்கு ஒத்திப்போட்டோம்.’

அந்த ஜன்னலை எனக்குத் தெரியும். அதாவது, அது இல்லாததைத் தெரியும். அண்ணியின் அடுப்புக்கு எதிரே வெறும் சுவர். சுவருக்கு அப்பால் காலி மனை, அதற்கும் அப்பால் ரயில் பாதை. குடிவந்த நாளிலிருந்து ஒரு ஜன்னல் கேட்டுக்கொண்டிருந்தார். ஆற அமரச் செய்யலாம் என்றார் அண்ணன். ரயில் சத்தம் வரும்போதெல்லாம் அண்ணி கரண்டியை நிறுத்திச் சுவரைப் பார்ப்பார். “நீல வண்டி. கடைசிப் பெட்டியில ஒரு குழந்தை கை காட்டுது பாரு” என்பார். டீயைக் கையில் பிடித்தபடி நானும் பார்ப்பேன். எனக்கும் அந்தக் குழந்தை தெரிந்திருக்கிறது, சத்தியமாக.

‘புட் ஆஃப்’ தாள் அண்ணியிடமிருந்து திரும்பி வந்தது. இடது பத்தியில் வழக்கம்போலப் பென்சில் கோடுகள். வலது பத்தியில் ஒரு கோடுகூட இல்லை. அங்கே நான் ஒரு வரியை இரண்டு தடவை தட்டச்சு செய்திருந்தேன், அதுகூட அண்ணி கண்ணில் படவில்லை. அண்ணன் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்தார். பிறகு பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

“ஏன் சொல்லல?” என்றார் அண்ணன்.

“சொல்லணும்னுதான் இருந்தேன். நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போயிடுச்சு” என்றார் அண்ணி. “ஓரமெல்லாம் இருட்டிக்கிட்டு வருது. நடுவுல மட்டும் தெரியுது. அதுவும் எத்தனை நாளைக்குன்னு டாக்டருக்கே தெரியலையாம்.”

அண்ணன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஊரான் பூனைக்கெல்லாம் காத்துக்கிடந்த மனுஷன்! “இன்னும் என்ன அண்ணா பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?” என்று கத்தியேவிட்டேன்.

மறுநாள் காலையில் கொத்தனார் வந்தார். மூன்று நாள் வீடெங்கும் செங்கல் தூசி. நான்காம் நாள் மத்தியானம் சட்டம் பொருத்தி முடித்தார்கள். பாத்திரங்கள்மேல் முதல்முதலாக வெயில் விழுந்தது. காலி மனையில் புல் மெல்ல அசைந்தது. ரயில் வந்தது.

“நீலம் இல்ல, சிவப்பு!” என்று சிரித்தார் அண்ணி. “இத்தனை வருஷமா தப்பாப் பார்த்திருக்கேன். மொத்தமாத் தெரியலீங்க, ஒவ்வொரு பெட்டியாத்தான் வருது. வரட்டும்.”

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அன்றைக்கே வாக்கியத்தை மாற்றினார்: ‘ஜன்னலை வெகுகாலம் ஒத்திப்போட்டோம்; இன்று திறந்தோம்.’ நான் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தேன். அண்ணி தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக நகர்த்திப் படித்தார். பென்சிலை எடுத்து, ‘வெகுகாலம்’ என்பதை மட்டும் அடித்தார்.

“அது நடந்ததுதானே?” என்றார் அண்ணன்.

“நடந்ததையெல்லாம் போட்டா அகராதி தாங்காதுங்க” என்றார் அண்ணி. “அடுத்த வண்டி எத்தனை மணிக்குன்னு பாருங்க.”