ஊசி குதிக்கும் இடம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, காந்திபுரத்தில் இருபது பேர் முன்னால் நான் ஒரு பொய் சொன்னேன்.

புதுப் பொய் அல்ல. இதே வாரப் பத்தியில் உங்களிடம் மூன்று முறை சொன்னதுதான்.

துணிக்கடை ஒன்றின் இரண்டாவது மாடியில் ஒரு ரெக்கார்டு கடை திறந்திருக்கிறார்கள். ஆமாம், ஊசி வைத்துக் கேட்கும் எல்.பி. ரெக்கார்டுதான். நாமெல்லாம் பரண் மேல் ஏற்றி, பிறகு எடைக்குப் போட்டோமே... அதைத்தான் இப்போது கண்ணாடி அலமாரியில் வைத்து விற்கிறார்கள். கடை நடத்தும் நிவேதா இந்தப் பத்தியின் வாசகி. "உங்களுக்குப் புடிச்ச ரெக்கார்டுகளப் பத்திப் பேசுங்க சார். ராக், கன்ட்ரி, எதுனாலும் சரிங்க" என்றார். எழுபத்திரண்டு வயதுக்காரனை ராக் பற்றிப் பேசக் கூப்பிட்டால் மறுப்பானா?

போனேன். நன்றாகவே பேசினேன்.

கல்லூரி நாட்களில் என் காதைத் திருகிய முதல் ராக் ரெக்கார்டைப் பற்றிச் சொன்னேன். ஒரு பக்கம் முழுக்க எலெக்ட்ரிக் கிட்டாரின் அலறல்தான். முதல் தடவை போட்டபோது அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "ஏங்கண்ணு, மோட்டார்ல காயில் போயிருச்சா?" என்று கேட்டார். அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் இன்றுவரை படித்ததில்லை.

பிற்பாடு மகள் சி.டி.யில் கொண்டுவந்த ஆல்ட்-கன்ட்ரி பற்றியும் சொன்னேன். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அமெரிக்கப் பட்டிக்காட்டுப் பாட்டை, ராக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் கொஞ்சம் அழுக்காக்கிப் பாடினால் அதுதான். பாடுகிறவனுக்கு எப்போதும் ஜலதோஷம். பாட்டுக்குள் ஒரு லாரி, மழை பார்க்காத காடு, விட்டுப்போன மனைவி, செத்துப்போன நாய். பல்லடம் ரோட்டில் வாழ்ந்தவனுக்கு இது புரியாதா என்ன? அந்த ஸ்டீல் கிட்டார் இழுக்கிற இழுப்பு இருக்கிறதே — ஆயிரம் அடி போர் போட்டு, தண்ணீருக்குப் பதில் புழுதி மட்டும் வந்த மத்தியானத்தை நான் அதில்தான் கேட்டிருக்கிறேன்.

ஆனால் முதலிடம் எப்போதும் ஒரே ரெக்கார்டுக்குத்தான். ஆல்ட்-கன்ட்ரி என்ற பெயர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, ராக் வாசித்துக்கொண்டிருந்த நாலு பேர் கன்ட்ரி பக்கம் திரும்பிச் செய்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் போனில் தேடிக் கேட்பீர்கள். நான் சொல்லும் பாட்டு அதில் இருக்காது.

"பெங்களூர் ஃபுட்பாத்தில், மழையில், பழைய புத்தகக் குவியலுக்கு அடியில் கண்டெடுத்தேன்" என்று என் வழக்கமான கதையைச் சொன்னேன். கைதட்டினார்கள்.

நிவேதா அதே ரெக்கார்டின் புது அச்சு ஒன்றைச் சுழலவிட்டார். மூன்றாவது பாட்டு வந்தது. மைக் கையில் இருக்கும் தைரியத்தில் நானும் கூடவே முனகினேன். இரண்டாவது சரணம்... பாடகர் ஒழுங்காக ஒரு வரியை முடிக்க, நான் பாதி வரியை விழுங்கிவிட்டு அடுத்த வரியின் நடுவில் குதித்திருந்தேன்!

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் கடைசி வரிசையில் இன்னொரு குரலும் அதே இடத்தில், அதே மாதிரி குதித்தது.

உலகத்தில் அந்தப் பாட்டை அப்படிப் பாடக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் அருள்தாஸ்.

இனி உண்மை.

அருளின் அப்பாவும் அம்மாவும் சூலூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அப்பாவுக்கு ரயில்வேயில், தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன் வேலை கிடைத்ததும் போத்தனூருக்குக் குடிபோனார்கள். பிறகு அருளும் நானும் கோவையில் ஒரே கல்லூரி, ஒரே பெஞ்ச். நான் "வாடா" என்பேன். அவர் "வாங்க" என்பார். எல்லோரையும் 'ங்க' போட்டுப் பேசுகிற ஊர் என்று பெருமைப்படுகிறோமே... அந்தப் பெருமைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஓர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் தங்கள் பிளேயரையும் ஒரு கட்டு ரெக்கார்டுகளையும் அருளிடம் கொடுத்துவிட்டுப் போனது. போத்தனூர் குவார்ட்டர்ஸில், தகரப் பெட்டி மேல் பிளேயரை வைத்து, அவர்தான் எனக்கு இந்த இசையைக் கேட்கக் கற்றுத் தந்தார். நான் கண்டெடுத்தது எதுவுமில்லை.

ஒரு நாள் மூன்றாவது பாட்டு ஓடும்போது ஜன்னலுக்கு வெளியே கூட்ஸ் வண்டி கடந்தது. வீடு ஆடியது. பெட்டி ஆடியது. ஊசி வழுக்கி ஒரு கோடு கிழித்தது. நான் பதறினேன். அருள் மறுபடி போட்டுப் பார்த்தார். அதே இடத்தில் ஊசி குதித்தது. கூடவே அவரும் குதித்துப் பாடினார். "இது போத்தனூர் பதிப்புங்க. வேற எங்கயும் கெடைக்காதுங்க" என்று சிரித்தார்.

ஒரு வாரத்தில் தருகிறேன் என்று அந்த ரெக்கார்டை வாங்கிப்போனேன். ஆறு வாரம் ஆயிற்று. ஒரு மத்தியானம் அருள் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டார். அவர் குடும்பத்தார் எங்கள் வீட்டில் கேட்டைத் தாண்டியதில்லை. அந்த வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை. மாற்றவும் இல்லை.

உள்ளே ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு வெளியே போய்ச் சொன்னேன்: "ஒடைஞ்சு போச்சு அருளு. கை தவறிருச்சு."

"பரவால்லீங்க. போனாப் போவுது" என்று சைக்கிளைத் திருப்பினார். தண்ணீர் வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன்? ஆசை என்று சொல்லிவிடலாம். ஆனால் வேண்டும் என்று கேட்டிருந்தால் அருள் கொடுத்திருப்பார். நிதானமாகப் பேசிக் கேட்பதென்றால் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும். உள்ளே என் அப்பா ஈஸிசேரில் இருந்தார். அவ்வளவுதான் என் வீரம்.

அதன் பிறகும் கல்லூரியில் அருள் என்னோடு பேசினார். பாட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை. படிப்பு முடிந்ததும் அவர் ரயிலுக்குப் போனார், கார்டாக. ஐம்பது வருஷம் ஓடிவிட்டது.

கூட்டம் முடிந்து அவரை மாடிப்படியில் பிடித்தேன். தலை முழுக்க நரை. அதே சிரிப்பு.

"நல்லாப் பேசுனீங்க" என்றார்.

"அருள்... நான் அன்னிக்குப் பொய் சொன்னேன். ரெக்கார்டு உடையலைங்க." வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு 'ங்க' போட்டேன். எழுபத்திரண்டு வயதில்.

"தெரியுமுங்க."

"தெரியுமா?"

"கேட்டுப் பக்கத்துல வந்தப்பவே பாட்டு காதுல விழுந்துதுங்க. மூணாவது பாட்டு. சித்த நேரம் நின்னு கேட்டனுங்க. நம்ம எடத்துல கரெக்டாக் குதிச்சுது. அப்புறந்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கலீங்க?"

"ஒடைஞ்சுதுன்னு சொல்லிப்போட்டீங்க. அதுக்கு மேல கேட்டா ஒடையறது ரெக்கார்டா இருக்காதுங்களே."

படியில் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். அவரும் உட்கார்ந்தார்.

"என்ற சம்சாரம் பேப்பர்ல உங்க பத்திய வாராவாரம் படிச்சுக் காட்டுவாளுங்க. அந்தப் பெங்களூர் கதைன்னா அவளுக்கு உசுரு."

"நீங்க உண்மையைச் சொல்லலையா?"

"ரசிச்சுப் படிக்கறா. எதுக்குங்க கெடுக்கோணும்?"

இந்த மனுஷனின் பொருளை வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு மழையும் சேர்த்து ஐம்பது வருஷம் பெயர் வாங்கியிருக்கிறேன். "வீட்டுக்கு வாங்க அருள். சேர்ந்து கேட்கலாம்" என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இல்லீங்க. உங்க கேட்டு வரைக்கும் ஒருக்கா வந்துட்டனுங்க. நீங்க போத்தனூர் வாங்க. ஆனா ஊட்டுல பிளேயர் இல்லீங்க. எல்லாம் போன்லதான்."

நல்ல ரெக்கார்டு மனிதனை மேன்மைப்படுத்தும் என்று இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். அந்த வரிகளையும் பெங்களூர் கதையோடு சேர்த்து அடித்துவிடுங்கள். ஒரே ரெக்கார்டைத்தான் இருவரும் கேட்டோம். ஒருவரைத்தான் அது மேன்மைப்படுத்தியது. அவரும் அதைக் கேட்பதற்கு முன்பே அப்படித்தான் இருந்திருப்பார்.

வியாழக்கிழமை காலை ஆட்டோ பிடித்துப் போத்தனூர் போனேன். ஒரு கையில் ரெக்கார்டு, இன்னொரு கையில் பிளேயர். உறையின் மூலையில் என் பெயரை எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதியிருந்தேன். பச்சைப் பெயின்ட் அடித்த சின்ன கேட். திறந்தேதான் இருந்தது. என்னால் தாண்ட முடியவில்லை. வெளியே நின்று, "ஏனுங்க... அருள்..." என்று கூப்பிட்டேன்.

அருள் வாசலுக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. முதலில் உறையைத்தான் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கி, ரெக்கார்டை வெளியே எடுத்து, வெளிச்சத்துக்குச் சாய்த்து அந்தக் கோட்டைத் தேடினார். இருந்தது.

உள்ளேயிருந்து அவர் மனைவி கேட்டார், "யாருங்க வந்திருக்கறது?"

"என்ற ரெக்கார்டு வந்திருக்குது, அம்மணி" என்றார் அருள். "தூக்கிட்டு வந்தவருக்கும் சேத்துக் காபி போடு."