எங்கள் வீட்டு மாப்பிள்ளைகள் கட்டிய ஒரே டை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களே, நண்பர்களே, வீட்டுக்குப் போனதும் உங்களிடம் இருக்கும் எங்கள் குடும்பக் கல்யாணப் படங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெரியண்ணன், சின்னண்ணன், நான், அடுத்த தலைமுறைப் பையன்கள் என்று மாப்பிள்ளை மாறியிருப்பார். கழுத்தில் உள்ள வெள்ளி நிறப் பட்டு டை மாறியிருக்காது. அதை அத்தனை வருடம் கறைபடாமல் காப்பாற்றியவர் எங்கள் அக்கா. அவர் ஆண்டவரிடம் சென்று ஓராண்டு நிறையும் இந்நாளில், அழுகையைவிடப் பெருமைதான் எனக்கு முந்திக்கொண்டு வருகிறது.

அக்கா பிறந்தது காடாம்புலியூரில். முந்திரிப் பழச் சாறு பட்டால் சட்டை கிழியும்வரை கறை போகாது என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அடிவாங்கித் தெரிந்துகொள்வார்கள். அக்கா மட்டும் அதை ஒத்துக்கொள்ளாமல் எல்லாக் கறையோடும் மல்லுக்கு நின்றார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, கடலூர் செம்மண்டலத்தில் குடியேறித் தையல் மிஷினை மிதித்தே தம்பிகள் மூவரையும் படிக்கவைத்தார். தனக்கென்று ஒரு கல்யாணப் பேச்சை எடுக்கவே விடவில்லை.

பெரியண்ணனுக்குப் பெண் பார்த்தபோது, "தாய் தகப்பன் இல்லாத பசங்க, கோட்டுக்கு எங்க போவாங்க?" என்று யாரோ சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. கோட்டைத் தானே தைத்தார். டையைப் புதுச்சேரி மாமா பிரான்சிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். "நம்ம வீட்டு மாப்பிள்ளைங்க எல்லாரும் இதத்தான் கட்டணும்" என்று அக்கா அன்றே சட்டம் போட்டுவிட்டார்.

ஒவ்வொரு கல்யாணம் முடிந்தும் டை பிரியாணி நெய்யோடும் கேக் கிரீமோடும்தான் திரும்பி வரும். அக்கா அதைத் தண்ணீரில் முக்கியதே இல்லை. எண்ணெய்ப் பிசுக்கில் முகப் பவுடரைத் தூவி, ஊறவிட்டுத் தட்டிவிடுவார். மற்றக் கறையை ஈரத் துணியால் ஒற்றி எடுப்பார், தேய்க்கவே விடமாட்டார். பிறகு துண்டில் சுருட்டி ஈரத்தை இழுக்கவைத்து, மேலே மெல்லிய வேட்டித் துணி போட்டு இஸ்திரி போடுவார். மருந்துக் கம்பெனி வேலைக்குப் போன புதிதில் நான் என் டையைக் கல்லில் அடித்துத் துவைத்தேன். உள்துணி சுருங்கி, அது வாளைக் கருவாடு போல முறுக்கிக்கொண்டது. அக்கா அதைத் தூக்கிப் பிடித்து, "கொழம்பு வெக்கலாமாடா?" என்றார்.

என் மகன் கல்யாணம் நிச்சயமானபோது அக்கா படுக்கையும் மருந்துமாக இருந்தார். உடம்பு இனித் தேறாது என்பது அவருக்குத் தெரியும். "இவன் அந்த டையோட நிக்கறதப் பாத்துட்டா எனக்குப் போதும்" என்றார். வேறெதையும் அவர் எங்களிடம் கேட்டதில்லை.

கல்யாணம் சிதம்பரத்தில், பெண் வீட்டாரின் பங்கு மாதா கோயிலில். வழியில் வேனிலேயே இட்லி சாப்பிட்ட மாப்பிள்ளை டையில் சாம்பாரைக் கொட்டிக்கொண்டான். கோயில் வாசலில் இறங்கியதும் யாரிடமும் சொல்லாமல் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தான். மஞ்சள் கறை சிவப்பாகிவிட்டது.

சம்மந்தி நல்ல மனிதர். ஓடிவந்து ஒரு பெட்டியை நீட்டினார். "புதுசு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன் சம்மந்தி, இதக் கட்டிக்கட்டும்" என்றார். அக்காவின் முகம் சுண்டிப்போனது.

"யாருடா உன்ன சோப்பு போடச் சொன்னது? மஞ்சளுக்கும் சோப்புக்கும் ஆவாதே!" என்று மருமகனை அதட்டிய அக்கா, சுற்றும் முற்றும் பார்த்தார். வேன் முகப்பில் மிளகாயோடு எலுமிச்சம்பழம் தொங்கிக்கொண்டிருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு நேராகப் போய் அதில் கை வைத்தார்.

"அம்மா, அது திருஷ்டிக்குக் கட்னது!" என்று டிரைவர் பதறினார்.

"திருஷ்டி உன் வண்டி மேல இல்ல தம்பி, எங்க டை மேல உக்காந்திருக்குது. குடு."

டிரைவரே அவிழ்த்துப் பிழிந்தும் கொடுத்தார். சாற்றைத் தொட்டு ஒற்ற ஒற்றச் சிவப்பு இறங்கி மறுபடி மஞ்சளானது. மஞ்சளுக்கு வெயில்தான் வைத்தியம். நல்லவேளையாகப் பெண்ணின் அலங்காரம் முடியவில்லை. அதிக நேரம் நிற்க முடியாத அக்கா நாற்காலி போடச் சொல்லி, வெயிலில் உட்கார்ந்து, டையை மடியில் விரித்து, நல்ல தண்ணீரால் ஒற்றிப் பூசைப் புத்தகத்தால் விசிறினார். பெண்ணின் கார் வந்து நின்றபோது டையில் கறை இருந்த இடமே தெரியவில்லை. தானே முடிச்சுப் போட்டு, என் மகனின் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டி, "போடா மாப்பிள்ள" என்றார். பூசை முழுக்க முதல் வரிசையில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அடுத்த சில மாதங்களில் அக்கா வீட்டிலேயே அமைதியாகக் கண்மூடினார். அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும், முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த செவிலியர்களுக்கும், தவறாமல் நற்கருணை கொண்டுவந்த பங்குத் தந்தைக்கும், முறைவைத்துக் கஞ்சி கொடுத்தனுப்பிய செம்மண்டலத்து அண்டை வீட்டாருக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வேன் எடுத்துவந்த அந்த டிரைவர் தம்பிக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

சென்ற வாரம் சம்மந்தி போன் செய்தார். அவர் மகனுக்கு வரும் தை மாதம் கல்யாணம். அதையும் இதையும் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டார்: "தப்பா நெனைக்காதீங்க சம்மந்தி. கடையில எத்தினியோ காட்டிட்டோம். எங்க பையன் அக்காவோட டையத்தான் கட்டுவேன்றான். குடுப்பீங்களா?"

அக்கா, உங்களைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டேன்.