பெட்டி வேண்டாம் என்று வாங்கிய அத்தர்

என் மாமியார் வீட்டில் எந்தப் பாட்டிலையும் நம்பக் கூடாது. இதைக் கல்யாணத்துக்கு முன் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், முதல் நாள் காலையிலேயே தலைக்கு எண்ணெய் என்று நினைத்துப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைத் தேய்த்துக்கொண்டு, புது மாப்பிள்ளை கண் எரிய நுரை தள்ளிக்கொண்டு நின்றிருக்க மாட்டேன். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்ற அத்தை கொஞ்சமும் பதறவில்லை.

"பரவாயில்ல மாப்பிள்ளை, அழுக்கெல்லாம் போயிடும். அலசுறப்ப மட்டும் தண்ணியப் பாத்து ஊத்துங்க" என்றார்.

அந்த வீட்டின் வழக்கம் அப்படி. எதையும் பெரிய கேனில் மொத்தமாக வாங்கினால் விலை குறைவு. கேனிலிருந்து ஊற்றி வைக்கக் காலி பாட்டில் வேண்டும். காலி பாட்டிலுக்குக் காசு கொடுப்பவர்களை அத்தை மனிதர்களாகவே மதிப்பதில்லை. அதனால் ஜாம் பாட்டிலில் உப்பு, ஷாம்பு பாட்டிலில் தரை துடைக்கும் மருந்து, எண்ணெய் பாட்டிலில் சோப்புத் தண்ணீர். தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய் மட்டும் எப்போதும் சென்ட் பாட்டில்களில் இருக்கும். வாய் சின்னதாக இருப்பதால் சொட்டுச் சொட்டாக விழும், வீணாகாதாம். யாராவது காலி சென்ட் பாட்டிலைக் குப்பையில் போடப் போனால் அத்தை குறுக்கே கை நீட்டி வாங்கிக்கொள்வார். வெளியே என்ன எழுதியிருக்கிறதோ அது மட்டும் உள்ளே இருக்காது என்று புரிந்துகொண்ட பிறகு நானும் அந்த வீட்டில் பிழைத்துக்கொண்டேன்.

அத்தைக்கு ஒரு பெரிய துணிக்கடையில் ஆல்டரேஷன் வேலை. புதுப் பேண்டின் காலைக் குறைப்பது, சட்டையின் இடுப்பைப் பிடிப்பது, போன வருஷம் வாங்கியதை இந்த வருஷத் தொப்பைக்குத் தளர்த்திக் கொடுப்பது. வீட்டில் ஜன்னலோரம் காலால் மிதிக்கிற பழைய மெஷின் ஒன்று இருக்கிறது. சாயங்காலம் அக்கம்பக்கத்தாருக்கு அதில் தைத்துக் கொடுப்பார்.

மாமா பெயிண்ட் அடிப்பவர். வேலை முடிந்த இடத்தில் டப்பாவின் அடியில் மிஞ்சுவதைச் சொல்லிவிட்டு எடுத்து வருவார். எடுத்து வர வைப்பது அத்தை. வீட்டின் ஒரு சுவர் ஆஸ்பத்திரிப் பச்சை, எதிர்ச் சுவர் ஏதோ அலுவலகத்தின் நீலம், சமையலறை யார் வீட்டுக் குழந்தையோ தூங்குகிற அறையின் ரோஸ். கழிப்பறைக் கதவு மட்டும் தங்க நிறம். ஒரு பணக்காரர் வீட்டு வாசல் கேட்டில் மிஞ்சியது. உள்ளே போகும்போதெல்லாம் அரண்மனைக்குள் நுழைகிற மாதிரி இருக்கும். இத்தனை வருஷத் தின்னரும் வார்னிஷும் சேர்ந்து மாமாவின் மூக்கை எப்போதோ முடித்துவிட்டன. பக்கத்தில் பால் தீய்ந்தாலும் அவருக்குத் தெரியாது.

அத்தையின் சிக்கனத்தை ஒரு பாடத்திட்டமாகவே வைக்கலாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவார். பசியோடு போனால் கண்ணில் பட்டதெல்லாம் கூடைக்குள் ஏறிவிடும் என்பார். காய்கறிக் கடைக்குக் கடை மூடும் நேரத்தில் போவார். கடைக்காரர் அவரைக் கண்டதும் விலையைத் தானே குறைத்துவிடுவார், வீண் பேச்சு மிச்சம். அரிசி முக்கால் வேக்காடு வந்ததும் அடுப்பை அணைத்து மூடி வைத்துவிடுவார். மீதியை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவர்களைக் கண்டால் மட்டும் பொறுக்காது. "யோசிச்சிட்டுத் தெறங்க மாப்பிள்ளை, தெறந்துட்டு யோசிக்காதீங்க!" என்று அடுத்த அறையிலிருந்தே குரல் வரும். கதவு திறக்கிற சத்தம் அவருக்கு எப்படித்தான் கேட்குமோ.

படுக்கை விரிப்பு நடுவில் நைந்துபோனால் நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, நைந்த பக்கத்தை ஓரத்துக்குத் தள்ளி, நல்ல ஓரங்களை நடுவில் சேர்த்துத் தைப்பார். அதுவும் நைந்தால் தலையணை உறை. பிறகு சூடான பாத்திரம் பிடிக்கும் துணி. கடைசியில் மாமாவின் பெயிண்ட் துடைக்கிற கந்தல். எங்கள் கல்யாணத்துக்கு வாங்கிய விரிப்பை மாமா கையில் வார்னிஷோடு பார்த்த அன்று எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

இவ்வளவு கிண்டல் பண்ணுகிறேனே தவிர, இப்படிப் பிடித்த மிச்சத்தில்தான் என் மனைவி நர்ஸ் படிப்பை முடித்தாள். அத்தை தனக்கென்று எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை. போட்டிருக்கும் செருப்புகூட மாமாவுக்குச் சின்னதாகிப்போனது என்றுதான் நினைக்கிறேன்.

போன வருஷம் கடைக்கு ஒரு புது மேனேஜர் அம்மா வந்தார். அதுவரை அத்தை முன்னால் கவுண்டரில் நின்று, கழுத்தில் அளவு நாடாவோடு, வாடிக்கையாளர்களுக்குத் தானே அளவெடுப்பார். ஒரு நாள் யாரோ ஒரு அம்மா மூக்கைச் சுளித்திருக்கிறார். மேனேஜர் அங்கேயே, எல்லார் முன்னாலும், "என்ன இது எண்ணெய் நாத்தம்? உங்க மேலருந்தா வருது? இனிமே கஸ்டமர் முன்னாடி வராதீங்க, பின்னாடி ரூம்லயே தைங்க" என்று சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து அளவெடுக்க வேறொரு பெண். அத்தைக்கு ஜன்னல் இல்லாத பின்னறை.

அன்று வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார்: "எம் மேல நாத்தம் அடிக்குதாடி?"

"இல்லம்மா" என்றாள் என் மனைவி.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் மாமா. அந்த மூக்கின் சாட்சியை எந்தக் கோர்ட்டில் கொண்டுபோய் வைப்பது?

வெங்காயத்தின் மேல் பழி போட்டு அத்தை அழுது முடித்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கடையில் வாங்கிய சட்டையைக் கொளுத்திவிடலாம் போலிருந்தது. நல்ல சட்டை, அத்தை அளவு பிடித்துத் தைத்தது, அதனால் விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் கடையின் ஆண்டு விழாவில் நீண்ட நாள் வேலை பார்த்தவர்களுக்கு ஷீல்டு கொடுப்பதாக அறிவித்தார்கள். ஆல்டரேஷன் பிரிவில் அத்தை பெயர். மேடையில் கொடுக்கப் போவது அதே மேனேஜர். நான் கூரியர் வேன் ஓட்டுகிறவன். ஒரு மத்தியானம் அத்தை எனக்குப் போன் பண்ணி, வேனை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வரச் சொன்னார். பஸ் இருக்கும்போது வேனைக் கூப்பிடுகிற ஆள் இல்லை அவர். பதறிக்கொண்டு போனேன்.

"ஒரு சென்ட் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை" என்றார். "மேடையில அந்தம்மா பக்கத்துல நிக்கணும். நிக்கிறப்ப அவங்க மூக்க மூடக் கூடாது. எனக்கு அவ்வளவுதான் வேணும்."

கடைக்காரர் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து அத்தையின் மணிக்கட்டில் தொட்டுத் தொட்டு வைத்தார். அத்தை கண்ணை மூடி மோந்து பார்த்தார். ரோஜா அத்தரில் நின்றார். விலையைக் கேட்டதும் கண் திறந்துவிட்டது. ஒரு மாத மின்சாரக் கட்டணம் அந்தக் கட்டை விரல் அளவு பாட்டிலுக்குள் இருந்தது. பேரம் பேசினார், கடைக்காரர் அசையவில்லை. வெளியே போவது போல் போனார், யாரும் கூப்பிடவில்லை, அவரே திரும்பி வந்தார். கடைசியில், பட்டுத் துணி விரித்த சின்னப் பெட்டியில் பாட்டிலை வைத்துக் கடைக்காரர் மூடப் போனபோது அத்தைக்கு வழி தெரிந்துவிட்டது.

"பெட்டி இல்லாம எவ்வளவு?"

"பெட்டியோடதாம்மா அழகு."

"பெட்டிய என்ன, பூசிக்கவா போறேன்? எடுத்துட்டு வெலையக் கொறைங்க."

குறைத்தார். அத்தை முகத்தில் வந்த வெற்றியைப் பார்க்க வேண்டுமே. வேனில் திரும்பும்போது மணிக்கட்டை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மாப்பிள்ளை. தண்ணிக்குக் கணக்குப் பாக்குறவ சென்ட் வாங்குறாளான்னு உங்க வீட்டம்மா சிரிப்பா."

பாட்டிலை எங்கே ஒளிப்பது என்று யோசித்து, மெஷினுக்குப் பக்கத்து அலமாரியில் எண்ணெய் பாட்டில்களோடு சேர்த்து வைத்தார். அங்கே இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது என்றார். ரொம்பச் சரி அத்தை என்று நானும் தலையாட்டினேன்.

விழா நாளன்று சாயங்காலம் அவர்களைக் கூட்டிப் போக வந்தேன். படியேறும்போதே ரோஜா வாசனை முகத்தில் மோதியது. அத்தை தாராளமாகத்தான் பூசிக்கொண்டிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். உள்ளே போனால் குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம். அத்தை இன்னும் குளித்துக்கொண்டிருக்கிறார். ஜன்னலோரம் மாமா மண்டி போட்டு உட்கார்ந்து, மெஷினின் ஒவ்வொரு துளையிலும் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. கிறீச் கிறீச்னு கத்திட்டே இருந்துச்சு. இன்னிக்கு அவளுக்கு ஷீல்டு குடுக்குறாங்க, நாம ஏதாவது செய்யணுமேன்னு எண்ணெய் போட்டு வெச்சேன். ஒரு பாட்டில் பூரா குடிச்சிருச்சு பாருங்க."

"மாமா, பாட்டில்ல என்ன எழுதியிருக்கு?"

எட்டப் பிடித்துப் படித்தார். "ரோஜா அத்தர்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நம்ம வீட்டுல அத்தர்னு எழுதியிருந்தா அது மெஷின் எண்ணெய்தானே?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

அத்தை ஈரத் தலையோடு வெளியே வந்தார். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசனை சொல்லிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு வாங்கினேன்" என்றார். பழி போட இந்த முறை வெங்காயம் இல்லை.

மாமா பாட்டிலையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். "நிஜ அத்தரா? நீயா வாங்கின?"

கொட்டியதைவிட அந்தக் கேள்விதான் அத்தையை அதிகமாகக் குத்தியது. "ஏன், நான் வாங்கக் கூடாதா?"

"வாங்கலாம்மா. இப்படி மொட்டையா இருந்தா எனக்கு எப்படித் தெரியும்? ஒரு பெட்டி கிட்டில இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

சமையலறையிலிருந்து வந்த என் மனைவி நடந்ததைக் கேட்டுச் சிரித்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். தன்னுடைய ஸ்பிரேயை எடுத்து வந்து நீட்டினாள். அத்தை வாங்கவில்லை.

"வேணாம். நான் காசு குடுத்தது இதுக்கு" என்று எழுந்துபோய் மெஷின் முன் உட்கார்ந்தார். வெட்டுத் துணிக் கூடையிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்தார். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றினார். சுற்றச் சுற்ற மூட்டுகளிலிருந்தும் ஊசிக் கம்பியிலிருந்தும் கசிந்ததை மறுகையால் ஒற்றி ஒற்றி எடுத்தார். வருஷக்கணக்கில் ஊறிய பழைய எண்ணெயும் புது ரோஜாவும் ஒன்றாகக் கலந்து வந்தன.

"அம்மா, கறுப்பா வருதும்மா!"

"காதுக்குப் பின்னாடி யாருடி பாக்கப் போறா?"

காதுக்குப் பின்னால் தடவினார், கழுத்தில் தடவினார், மணிக்கட்டில் தடவினார். மாமா பக்கத்தில் நின்று துண்டைப் பிடித்துக்கொண்டார்.

வேனில் அத்தை மெதுவாகக் கேட்டார்: "நாறுதா மாப்பிள்ளை? உண்மையச் சொல்லுங்க."

"ரோஜாவும் இருக்கு அத்தை, மெஷினும் இருக்கு" என்றேன்.

"சரி" என்றார். மணிக்கட்டை ஒரு முறை மோந்து பார்த்துக்கொண்டார்.

மண்டபத்தில் பெயரைக் கூப்பிட்டார்கள். அத்தை மேடையேறி, மேனேஜருக்கு ஒரு கை தூரத்தில் நின்றே ஷீல்டை வாங்கப் பார்த்தார். போட்டோ எடுப்பவர் விடவில்லை. "ரெண்டு பேரும் பக்கத்துல வாங்க, இன்னும் பக்கத்துல" என்று கத்தினார். மேனேஜர்தான் நெருங்கி வந்து அத்தையின் தோளில் கை போட்டார். பிறகு தலையைத் திருப்பி நன்றாக மூச்சை இழுத்தார். மூக்கை மூடவில்லை.

"அட, என்ன சென்ட் இது? இந்த மாதிரி நான் மோந்ததே இல்ல. எங்க வாங்கினீங்க?"

மைக் இருவருக்கும் நடுவில் இருந்தது. கூட்டம் முழுவதற்கும் கேட்டது.

"மெஷின் எண்ணெய், மேடம்" என்றார் அத்தை.

கூட்டம் சிரித்தது. மேனேஜரும் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

"நெசமாத்தான் மேடம். எதுக்காக என்னப் பின்னாடி ரூமுக்கு அனுப்பினீங்களோ, அதே எண்ணெய்."

பின் வரிசையில் ஆல்டரேஷன் பெண்கள் கை தட்ட ஆரம்பித்தார்கள். மேனேஜரின் சிரிப்பு போட்டோவுக்காக அப்படியே முகத்தில் நின்றது, கழுத்து மட்டும் சிவந்தது. என் பக்கத்தில் மாமா எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

மறுநாள் அத்தை பின்னறைக்குப் போகவில்லையாம். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நேராகப் போய் முன் கவுண்டரில் நின்றிருக்கிறார். மேனேஜர் அந்தப் பக்கம் வந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அத்தை முதலில் வந்த வாடிக்கையாளரைக் கையைத் தூக்கச் சொல்லி, கிட்டப் போய் நின்று, இடுப்பளவு எடுத்தார்.