பெரியப்பா பெண் கொடுத்த ராகம்

எங்கள் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, கர்த்தர் அவருடைய வலது கை, வலது கால், பேச்சு எல்லாவற்றையும் கட்டிப்போட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவைத்தார். அது நான் இங்கே எழுதக்கூடிய வார்த்தை அல்ல.

ஆம்பூர் டேனரியில் மேஸ்திரியாக இருந்தவர் அவர். திட்டாமல் அங்கே ஒரு தோல்கூடப் புரளாது என்பார்கள். பெரியப்பா மட்டும் "கண்ணு, ராஜா" என்றே ஆட்களை வேலை வாங்குவார். சபையில் மூப்பர் வேறு. அப்படிப்பட்ட மனிதர் இப்போது தண்ணீர் கேட்டாலும் அந்த வார்த்தை, ஃபேனை நிறுத்தச் சொன்னாலும் அந்த வார்த்தை. ஜெபம் பண்ண வந்த போதகரின் கையை அன்போடு பிடித்து அதையே சொன்னார். போதகர் பதறிப்போய், "ஸ்தோத்திரம்" என்று பதில் சொன்னார்.

பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இத்தினி வருஷமா இத எங்க ஒளிச்சி வச்சினு இருந்தீங்க?"

வேலூரில் பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு அம்மாவிடம் அக்கா கேட்டாள். அக்கா என்றால் பெரியப்பாவின் ஒரே மகள். அந்த அம்மா சிரிக்காமல் விளக்கினார்களாம். யோசித்துப் பேசுகிற பேச்சு மூளையில் இடது பக்கம். அடி பட்டது அங்கேதான். கோபத்தில் தானாக வருகிற வசவுக்கு வேறு இடம், அது தப்பிவிட்டது. பாட்டுக்கு வலது பக்கம் கைகொடுக்கும், பாடிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார்களாம்.

பாடினார்! ஒரு கீர்த்தனை முழுவதையும் ஒரு சொல் குளறாமல் பாடினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாம்பாரும் மாத்திரையும் ராகம் போட்டுத்தான் கேட்கப்பட்டன. பக்கத்து வீட்டு பாய் வீட்டம்மா, "இன்னாக்கா, உங்களுக்கு வருஷம் பூரா கிறிஸ்மஸா?" என்று கேட்டாள்.

இதற்கு நடுவில் அக்காவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ராணிப்பேட்டை. ஃபோனில் சினிமாப் பாட்டு அடித்தாலே பாவம் என்கிற பக்திமான்கள். எங்கள் கோயிலில், "இந்தப் பெண்ணைக் கொடுப்பவர் யார்?" என்று போதகர் கேட்பார். "நானே கொடுக்கிறேன்" என்று தகப்பன் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் பெரியப்பாவின் ஒற்றை வார்த்தை வெளியே வந்தால்? "அண்ணனுக்கு பதிலா நான் சொல்லிடறேன்" என்று என் அப்பா சொன்னார். அக்கா ஒரே பிடியாக நின்றாள்.

"எங்கப்பாதான் குடுக்கணும். இல்லாட்டி இந்தக் கல்யாணமே வேணாம்."

பயிற்சி கொடுக்க ஓய்வாக இருந்தது நான் ஒருத்திதான், மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்காருவோம். கிறிஸ்மஸ் ராகத்தில் அந்த வரி உட்காரவில்லை. அறுப்புப் பண்டிகை ராகத்தில் பாதியில் வழுக்கி அந்த வார்த்தையில் போய் விழுந்தார். கடைசியில் அவராகவே நிதானமாக ஒரு ராகம் எடுத்தார். அதில் வரி அப்படியே பொருந்தியது. நல்ல உருக்கமான ராகம். ரகசியமாக வைத்து எல்லாரையும் அசத்தலாம் என்று நான்தான் சொன்னேன்.

கல்யாணத்தன்று போதகர் கேட்டார். பெரியப்பாவின் உதடு அந்தப் பழைய வார்த்தைக்குத்தான் குவிந்தது. பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் பின்னால் நின்று முதல் சுரத்தை முனகினேன். அவர் பிடித்துக்கொண்டார். கணீரென்று, "நானே... கொடுக்கிறேன்..."

அது எங்கள் காலனியில் சவப்பெட்டி தூக்கும்போது பாடுகிற பாட்டின் ராகம். எத்தனையோ அடக்கத்தில் முதல் குரல் கொடுத்தவர் அவர்தான். எனக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக மாட்டார்களே.

யாரும் யோசிக்கவில்லை, யோசிப்பதற்குள் உடம்பு முந்திக்கொண்டது. மொத்த சபையும் எழுந்து நின்றது. பெண்கள் முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டார்கள். பாடகர் குழு அடுத்த அடியை இரண்டு குரலில் எடுத்தது. கீபோர்டுக்காரர் சோகமாக ஒரு கட்டையை அமுக்கினார். கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற பெரியவர், பெட்டிக்கு வழிவிடக் கதவை விரியத் திறந்துவைத்தார். மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"கொடுத்துட்டாரு, கொடுத்துட்டாரு! ஆமென்!" என்று போதகர் மைக்கில் கத்தினார்.

முதலில் சிரித்தவள் மணப்பெண். பிறகு கோயிலே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார். பயிற்சிக்காகச் சிரிக்கச் சொன்னால் அவருக்கு இடது கன்னம் மட்டும்தான் ஏறும், வலது கன்னம் செத்த மாதிரி தொங்கும். அன்று இரண்டு கன்னமும் சமமாக ஏறி, முகம் முழுவதும் சிரித்தது. நான் துள்ளிக் குதித்தேன். "பெரியப்பாவுக்கு சொகமாய்டுச்சி! கர்த்தர் சொகம் குடுத்துட்டாரு!" சிலர் அல்லேலூயா என்றுகூடச் சொன்னார்கள்.

சாப்பாட்டுக்கு முன் ஃபோட்டோக்காரர், "ஐயா, கொஞ்சம் சிரிங்க" என்றார். பெரியப்பா முயன்றார். பாதி முகம்தான் வந்தது.

நான் பிரியாணியைத் தள்ளி வைத்துவிட்டு ஆண்டவரோடு சண்டை போட்டேன். குடுத்ததைத் திருப்பி வாங்கலாமா என்று கேட்டேன். ராத்திரி ஜெபத்துக்கும் முழங்கால் போடவில்லை.

சிரிக்கச் சொல்லிச் சிரிக்கிற சிரிப்புக்கு மூளையிலிருந்து ஒரு வழி, தானாகப் பொங்குகிற சிரிப்புக்கு வேறு வழி என்று பிற்பாடு அந்தப் பயிற்சி அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அந்த இரண்டாவது வழியை ஆண்டவர் ஒரு நாளும் அடைக்கவில்லை. அத்தனை மாதமாக மாத்திரை கொடுத்தோம், எண்ணெய் தேய்த்தோம், விழுந்து விழுந்து ஜெபித்தோம். அவரைச் சிரிக்க வைக்க எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.