கொசுறு மட்டும் வாங்கி வந்தவர்

முள்ளங்கியை நிறுத்தாயிற்று, பையிலும் போட்டாயிற்று. ஆனாலும் டில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட் கடை முன்னாலிருந்து அருக்காணியம்மாள் நகரமாட்டார். "பையா, ரூங்கா?" என்று பையைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு கொத்துக் கொத்தமல்லியும் நாலு பச்சை மிளகாயும் உள்ளே விழும்வரை பின்னால் நிற்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ரூங்கா என்றால் நம் ஊர்க் கொசுறு. "வெலையக் கொறைக்கச் சொல்லி நானு கேக்கவே மாட்டனுங்க. கொசுறுதானுங்க மருவாதை. அதக் குடுக்காத கடையில நமக்கென்னுங்க வேலை?" என்பார்.

இதையே அவர் இன்னொரு பாஷையிலும் கேட்டு வாங்கியிருக்கிறார். தென் அமெரிக்காவில், ஆண்டீஸ் மலைமேல், எரிமலைகளின் அடிவாரத்தில் கூடும் சந்தைகளில். அங்கே அதற்கு யாப்பா என்று பெயர். இன்னொரு தடவை அங்கே போய்விட வேண்டும் என்பது ஒன்றுதான் இப்போது அவருடைய ஆசை. காரணம், ஒருத்தியிடம் கொடுத்த வாக்கு அப்படியே நிற்கிறது.

பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். வயது ஐம்பத்தைந்தை எட்டப்போகிறது. மத்திய அரசில் ஸ்டெனோ; லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ். கல்யாணம் காட்சி என்று ஒன்றும் நடக்கவில்லை. அதற்காக அவர் கவலைப்பட்டு யாரும் பார்த்ததுமில்லை. சில வருஷங்களுக்கு முன் பெரு நாட்டுத் தலைநகரான லிமாவில், நம் தூதரகத்தில் வேலை பார்த்தார். பெருவுக்கு மாற்றல் என்று ஊருக்குக் கடுதாசி போட, அண்ணன் சுப்பையா அதைப் பேரூர் என்று படித்துவிட்டார். கோயமுத்தூருக்குப் பக்கத்திலிருக்கும் அதே பேரூர்தான். "இத்தன கிட்டத்துல வந்தும் ஒரு ஞாயித்துக்கெழமை எட்டிப் பாக்க மாட்டேங்கறா" என்று ஊரெல்லாம் சொல்லி, மூன்று மாதம் பதில் போடாமல் இருந்தாராம்.

லீவு கிடைத்தால் போதும், அம்மாள் பக்கத்து நாடான ஈக்வடாருக்கு விமானம் ஏறிவிடுவார். பொள்ளாச்சியைப் போலவே வியாழக்கிழமை கூடும் சந்தை ஒன்று. சனிக்கிழமை ஒடவாலோ என்னும் ஊரில் கம்பளிச் சந்தை. தங்குவதெல்லாம் பழைய பண்ணை வீடுகளில். முந்நூறு வருஷத்து ஜமீன் வீடுகள் அவை. கூரை ஒழுகாமல் காப்பாற்றுவதற்காகச் சொந்தக்காரர்கள் விருந்தாளிகளுக்கு அறை விடுகிறார்கள். ஒரு கை நீளத்துக்கும் மேல் தடிமனான சுவர், வாசலிலேயே ஒரு மாதா கோயில், அறைக்கு அறை யூகலிப்டஸ் கட்டை எரியும் கணப்பு. முதல் தடவை போர்வைக்குள் காலை நீட்டியதும் ஏதோ வெதுவெதுப்பாகத் தட்டுப்பட, பூனை என்று நினைத்து விரட்டியிருக்கிறார். பார்த்தால் வெந்நீர் நிரப்பிய ரப்பர் பை. உருளைக்கிழங்கு சூப்பில் கறிவேப்பிலைப் பொடியைத் தூவிச் சாப்பிட்டவரிடம் வீட்டுக்காரச் சீமாட்டியே பொடி கேட்டு வாங்கியதைச் சொல்லும்போது முகத்தில் பெருமை தாங்காது.

எலேனாவின் பேச்சு வந்தால்தான் அந்த முகம் சுண்டிப்போகும்.

எலேனா, ஒடவாலோ சந்தையில் உட்காரும் நெசவுக்காரி. அவளிடம் ஒரு நீலச் சால்வையைத் தோளில் போட்டுப் பார்த்து, விலையும் பேசி முடித்து, அம்மாள் யாப்பாவுக்குக் கையை நீட்டினார். அவளும் சிரித்துக்கொண்டே, கூந்தலில் சுற்றிக்கொள்ளும் சிவப்பு நாடா ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதற்கப்புறம்தான் பணப்பை பண்ணை வீட்டிலேயே தங்கிவிட்டது தெரிந்தது. கார்க்காரரோ, போய் அதை எடுத்துக்கொண்டு விமானத்தைப் பிடிக்கவே நேரம் போதாதென்று ஹாரனை அடித்துக்கொண்டே இருக்கிறார். அடுத்த லீவில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சால்வையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விடைபெற்றார். விடைபெறும்போது நம்மவர்கள் 'போகிறேன்' என்பார்களா? வாய் கூசாதா? 'வர்றனுங்க' என்று மனசில் வந்ததை அப்படியே ஸ்பானிஷில் மாற்றி, "யா வேங்கோ" என்றார். அந்த ஊரில் அதற்கு, இதோ ஒரு நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று அர்த்தம்.

அடுத்த லீவு வருவதற்குள் டில்லிக்கு மாற்றல் வந்துவிட்டது. போன குளிர்காலத்தில் பண்ணை வீட்டுச் சீமாட்டி கடிதம் எழுதியிருந்தார். அன்றைக்குச் சந்தை கலைந்த பிறகும் எலேனா காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அந்தச் சால்வையை இன்றுவரை விற்கவில்லையாம். யார் கேட்டாலும், "பொட்டு வைத்த அம்மா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்" என்கிறாளாம். பணத்தை அனுப்பிவிடுகிறேன் என்று இவர் எழுதியதற்கு, வேண்டாம், அவரே வரட்டும் என்று சொல்லியனுப்பிவிட்டாள்.

"பொருளை உட்டுப்போட்டுக் கொசுறை மட்டும் வாங்கிட்டு ஓடியாந்தவ ஒலகத்துலயே நா ஒருத்தியாத்தானுங்க இருப்பேன்" என்று சிரிப்பார். ஆனால் நாடாவை ஒருநாளும் தலையில் சுற்றியதில்லை. உள்ளுக்குள் உறுத்துகிறது.

இந்த வாரம் ஆபீசில், வெளிநாட்டு வேலைக்கு எந்த ஊர் விருப்பம் என்று கேட்டுப் படிவம் வந்தது. வரிசைப்படி மூன்று ஊர் எழுதலாம். ஈக்வடார் பட்டியலில் இல்லாததால், பக்கத்து நாட்டு லிமாவையே எழுதப்போவதாக அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார். அருக்காணியம்மாள் சர்வீசுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த நாற்காலி சேஷன், கும்பகோணத்துக்காரர், தாமாகவே யோசனை சொல்ல வந்தார்.

"லண்டன்னு எழுதுங்கோ மேடம். நம்ம மனுஷா நெறைய இருக்கா, நல்ல தயிர் கெடைக்கும். லிமாவுல உங்களுக்கு யாரு இருக்கா?"

"அதுக்கு மேல, பக்கத்து நாட்டுல எலேனா இருக்கறாளுங்க."

"ஒரு சால்வைக்காக யாராவது லண்டனை விடுவாளோ?"

"சால்வைக்கில்லீங்க சேஷன் சார். வர்றேன்னு சொல்லிப்போட்டனுங்க."

முதல் வரியில் லிமா என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். சேஷன் விடவில்லை. "மிச்ச ரெண்டையும் காலியா விட்டேள்னா, அவா இஷ்டத்துக்கு எங்கயாவது தூக்கிப் போட்டுடுவா."

அவர் சொல்வதும் நியாயம்தான். "அச்சா" என்று அம்மாள் மறுபடி பேனாவைத் திறந்தார். இரண்டாவது வரியில் லிமா என்று எழுதினார். மூன்றாவது வரியிலும் லிமா என்று எழுதி, மை காய்வதற்காகக் குனிந்து ஊதினார்.