எண் போட்ட வீடு

நாலந்தாவில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் எங்கள் கடையில்தான் வழி கேட்பார்கள். கீழே வயல்களுக்கு நடுவில் நின்ற பழைய கல் கட்டடத்தைப் பார்க்க வந்தவர்கள் அவர்கள். அதை நாங்கள் கெடிகே என்போம். கட்டியது யார் என்று ஊரில் எவருக்கும் உறுதியாகத் தெரியாது. தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிற தமிழர்களிடம் வாப்பா அதைக் கோவில் என்பார். சிங்களவர்களிடம் விகாரை என்பார். வெள்ளைக்காரர்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். எல்லோரும் திருப்தியோடு பிளேன்டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

எனக்கு எட்டு வயதானபோது, அந்தப் பள்ளத்தில் குளம் கட்டப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. வயல்களும், வயலோரத்தில் இருந்த எங்கள் வீடும், பக்கத்து வீடுகள் சிலவும் தண்ணீருக்குள் போய்விடும். கெடிகேயை மட்டும் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் திரும்பக் கட்டுவார்களாம். உம்மாவின் தம்பியான என் மாமாவுக்கு அங்கே நாட்கூலி வேலை கிடைத்தது. ஒவ்வொரு கல்லிலும் நம்பர் எழுதுகிறார்கள் என்று அவர்தான் வந்து சொன்னார்.

"எதுக்கு மாமா நம்பர்?" என்று கேட்டேன்.

"நம்பர் இருந்தாத்தானே மேல கொண்டு போய் அதே மாதிரி வைக்கலாம்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி தண்ணிக்குள்ளதான்," என்று சிரித்துவிட்டு மாமா குளிக்கப் போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு வெண்கட்டிகளை எடுத்து வந்தேன். எடுத்து வந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. முன்கதவுக்கு ஒன்று, ஜன்னல்களுக்கு இரண்டும் மூன்றும், பிறகு அடுப்புக் கற்கள், அம்மி, வாசற்படி, சுவர்களில் கைக்கு எட்டிய இடமெல்லாம். கிணற்றுக் கட்டுக்கும் போட்டேன். பலாமரத்தில் வெண்கட்டி பிடிக்கவில்லை. அதற்கு மட்டும் மூன்று தடவை எழுத வேண்டியிருந்தது. மொத்தம் நூற்றுப் பதினொன்று.

உம்மா பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "சுவரெல்லாம் கிறுக்கி வெச்சிருக்கியே, இதையெல்லாம் யாரு துடைக்கிற?" ஈரத் துணியோடு வந்தவரை வாப்பா தடுத்தார். "விடு புள்ள. இனி யாரு பார்க்கப் போற?"

ஆனாலும் ஒருவர் பார்த்தார். நட்டஈட்டுக்காக வீடுகளை அளக்க வந்த சிங்கள உத்தியோகத்தர் அவர். கதவிலும் ஜன்னலிலும் எண்களைக் கண்டதும் வாய்விட்டுச் சிரித்து, யாருடைய வேலை என்று கேட்டார். நான் முன்னால் வந்து, எங்கள் வீட்டை எப்போது கழற்றுவீர்கள் என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு வாப்பாவைப் பார்த்தார். வாப்பா நிலத்தைப் பார்த்தார்.

"பெரிய வேலை மகள், கொஞ்ச நாள் போகும்," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அவர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அரசாங்கத்து ஆளே சொல்லிவிட்டதால் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மேட்டில் எங்களுக்குக் காணித் துண்டொன்று கிடைத்தது. சாமான் ஏற்ற லொறி வருவதற்கு முந்திய நாள் பின்னேரம், வாப்பா உம்மாவையும் என்னையும் மையவாடிக்குக் கூட்டிப் போனார். அதுவும் வயலோரத்தில்தான் இருந்தது. பெண்கள் அங்கே போகும் வழக்கமில்லை. அன்றைக்கு எவரும் எங்களைத் தடுக்கவில்லை. எனக்குப் பிறகு பிறந்து, நாற்பது நாள்கூட இருக்காமல் போன தம்பியை வேலியோரத்தில் அடக்கியிருந்தார்கள். தலைமாட்டில் ஒரு சிறிய மீசான் கல் நட்டிருந்தது.

வாப்பா கையேந்தி ஓதினார். உம்மா சற்றுத் தள்ளி நின்றார். நான் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எண் இல்லை. விடிந்தால் லொறி வந்துவிடும். வீடு முழுக்கச் சுற்றி எழுதிய எனக்கு இந்தக் கல் எப்படி மறந்தது? சட்டைப் பையில் துண்டு வெண்கட்டி மிச்சமிருந்தது. குந்தியிருந்து முதல் இலக்கத்தைப் போட்டேன்.

வாப்பா ஓதுவதை நிறுத்தினார். "மகள்!" என்றார். நான் கையை எடுத்துவிட்டேன்.

அப்போது உம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முந்தானையால் கல்லில் இருந்த பாசியைத் துடைத்தார். துடைத்ததில் நான் போட்டதும் அழிந்துபோனது.

"இப்ப போடு மகள்," என்றார். "நல்லா அழுத்திப் போடு. தண்ணி பட்டாலும் அழியக் கூடாது."

நூற்றுப் பன்னிரண்டு என்று அழுத்தி எழுதினேன். வெண்கட்டி கரைந்து நகம் கல்லில் உரசும்வரை அதன்மேலேயே எழுதினேன். நிமிர்ந்து பார்த்தபோது உம்மாவின் முகம் நனைந்திருந்தது. எண் போடுவதன் அவசியம் அவருக்கு இப்போதுதான் விளங்கியிருக்கிறது, அன்று என்னைத் திட்டியதற்காக வருந்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடத்திலேயே அவரை மன்னித்தும் விட்டேன்.